தை மாதத்தில் வாங்கிய சாவி

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒருவர் பெரிய காரை நிறுத்தி, இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து வந்தால் போதும். அவர் என்ன செய்தார், என்ன செய்யப்போகிறார் என்று கேட்பதற்கு முன்பே பொன்னாடையைப் பிரித்து அவர் தோளில் போட்டுவிடுவோம். போர்த்திய பிறகு அவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. கேட்டால் கேட்டவள் கெட்டவள். அந்தக் கெட்டவள் நான்தான். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புப் பக்கம் வந்து அந்த வாய்க்காரி வீடு எது என்று விசாரித்தால், மளிகைக் கடைக்காரரே கையை நீட்டிக் காட்டுவார்.

நான் பிரிக்ஃபீல்ட்சில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக வேலை பார்க்கிறேன். தட்டச்சு, கோப்பு, தொலைபேசி எல்லாம் என் தலையில். காலையில் ரயில் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. வீட்டுக்காரர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே பெண். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்களில் பலம் இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தரையில் நடப்பாள், நன்றாகவே நடப்பாள். படி மட்டும் ஏற முடியாது. ஏறவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தக் கதை அவள் படி ஏறாமல் படிக்க வேண்டும் என்பதைப் பற்றியது. வேறு எதுவும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

அவளை முதலாம் ஆண்டில் சேர்த்தது பந்திங் போகும் சாலையில் இருந்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். பழைய பள்ளிக்கூடம் என்றதும் எல்லாரும் உருகி உருகிப் பேசுவார்கள். எனக்கு அப்படி எந்த உருக்கமும் இல்லை. தகரக் கூரை. மழை பிடித்தால் ஆசிரியர் தொண்டை கிழியக் கத்தினாலும் பின்வரிசைக்குக் கேட்காது. சுற்றியிருந்த செம்பனை மரக் காட்டிலிருந்து, அதாவது எண்ணெய்ப் பனைக்குள்ளிருந்து, பாம்பு வரும். ஆனால் தரையோடு தரையாக இருந்தது. என் பெண் காரிலிருந்து இறங்கி, வாக்கரை ஊன்றி, யார் கையும் படாமல் தன் இடத்தில் போய் உட்காருவாள். பக்கத்தில் அவளுக்கு ஒரு தோழி. இரண்டும் பேசிப் பேசியே ஆசிரியரின் உயிரை வாங்கும்.

ஏன் வேறு பள்ளியில் போடவில்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்காத ஆள் இல்லை. மலாய் வழியில் நடக்கும் பக்கத்துத் தேசியப் பள்ளியில் அவளைப் பார்த்த மாத்திரத்தில் சிறப்புக் கல்வி வகுப்பில் போடலாம் என்றார்கள். அவளுக்குக் கால்தான் சரியில்லை, மூளைக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். அப்படியென்றால் மற்ற வகுப்பெல்லாம் மாடியில் என்றார்கள். கிள்ளான் டவுனில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகளும் மாடிதான், இடமும் இல்லை. போதுமா?

பிறகு தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. செம்பனையை வெட்டிச் சாய்த்தார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடம் அவர்களுடைய பெரிய சாலைக்கு வேண்டுமாம். பெற்றோர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். கம்பெனி அனுப்பிய மேனேஜர் தமிழர். அதுவும் கணக்குப் போட்டுத்தான். நம் ஆள் வந்து நம் மொழியில் சொன்னால் நாம் கேட்டுக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரியாதா? அட்டையில் செய்த ஒரு குட்டிக் கட்டடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மூன்று மாடி, மஞ்சள் சுவர், சுற்றிலும் பஞ்சில் செய்த மரங்கள். கூட்டம் எழுந்து வந்து எட்டி எட்டிப் பார்த்தது.

“கட்டுறதுக்கு கவர்மெண்ட் மானியம் கொடுக்குது. நிலம் கம்பெனி கொடுக்குது. கட்டுறதும் நாங்களே. நீங்க ஒரு சென்கூட போட வேணாம்,” என்றார்.

நான் எழுந்தேன். “லிஃப்ட் இருக்கா அண்ணே? என் பொண்ணால படி ஏற முடியாது.”

“இருக்கே அக்கா. இதோ பாருங்க.” பேனா முனையால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். “மூனு மாடிக்கும் போவும். ஒங்க பொண்ணுதான் மொதல்ல ஏறப்போவுது, பாருங்களேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன், பொய் சொல்வானேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அந்த நிமிடமே பையிலிருந்து பொன்னாடையை எடுத்து மேனேஜருக்குப் போர்த்தினார். ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அதற்குள் பொன்னாடை.

கூட்டம் முடிந்ததும் தலைவரை வாசலில் பிடித்தேன். “அண்ணே, மானியம் யாரு காசு? நம்ம வரிப்பணம். அந்தக் கம்பெனி அதை வாங்கிக் கட்டிக்கொடுக்குது. ஒங்க வீட்டுக்கு ஓடு மாத்த வர்றவனுக்கு நீங்க பொன்னாடை போத்துவீங்களா?”

“நல்ல காரியம் ஆரம்பிக்கையில இப்படிப் பேசாதம்மா,” என்றார். “அவனுங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா நம்ம பள்ளிக்கூடம் என்னாவறது?”

அவர் கெட்டவர் இல்லை. சொந்தப் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு எத்தனையோ அலுவலகங்களுக்கு அலைந்தவர். ஆனால் அந்தப் பயம் இருக்கிறதே, அது எங்கள் எலும்புக்குள் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கு ஒரு கழிப்பறைக் கதவு வேண்டுமென்றாலும் மனு, காத்திருப்பு, கும்பிடு. இப்படியே பல காலம் கேட்டுக் கேட்டு, நமக்குச் சேர வேண்டியது வந்தால்கூட யாரோ பிச்சை போட்டது மாதிரி கை குவித்து நிற்கிறோம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

புதுக் கட்டடம் எழும் வரைக்கும் என்று பள்ளிக்கூடத்தை ஒரு கடைவீட்டு வரிசையின் மாடிக்கு மாற்றினார்கள். கீழே மோட்டார் பட்டறை, அதற்குப் பக்கத்தில் துணி துவைக்கும் கடை. மேலே பலகைத் தடுப்பு போட்டு வகுப்புகள். கொஞ்ச நாள்தான் அக்கா, பொறுத்துக்குங்க என்றார் மேனேஜர். என் பெண் அங்கே இரண்டாம் ஆண்டைத் தொடங்கினாள்.

காலையில் அவளுடைய அப்பா தூக்கிக்கொண்டு ஏறுவார். அந்தப் படிக்கட்டில் இரண்டு பேர் எதிரெதிரே போக முடியாது, அவ்வளவு குறுகல். மத்தியானம் அவர் துறைமுகத்தில் இருப்பார், நான் பிரிக்ஃபீல்ட்சில். அதனால் இறக்கிப் பள்ளி வேனில் ஏற்றி விடுவது ஆசிரியைகளும் காவலாளியும். பிள்ளை சிறிதாக இருந்த வரைக்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளை வளர்ந்தாள். மூன்றாம் ஆண்டு முடியும்போது அவள் காவலாளியிடம், “வேணாம் அங்கிள், நான் இங்கயே இருக்கேன், அப்பா வரட்டும்,” என்று சொல்ல ஆரம்பித்தாள். எல்லாரும் போன பிறகும் மேலேயே உட்கார்ந்திருப்பாள். பெண்பிள்ளை, கூச்சம் வராதா?

நான்காம் ஆண்டில் அடிக்கடி காய்ச்சல் கண்டது. கிளினிக்கில் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, சிறுநீரில் கிருமி, பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லையா என்றார். நான் தினமும் போத்தலில் நிறைத்துத்தான் அனுப்புகிறேன் என்றேன். சொல்லும்போதே அவள் தரையைப் பார்த்தாள். வெளியே வந்ததும் என்னடி என்று அதட்டினேன்.

“குடிச்சா டாய்லெட் போவணும்மா. வாக்கர் அந்தக் கதவுல நுழையாது. டீச்சர்தான் தூக்கணும். டீச்சருக்கு இடுப்பு வலி.”

போத்தல் தண்ணீரைத் தினமும் வீடு வருவதற்கு முன் பள்ளி மாடியில் இருந்த பூச்செடியில் ஊற்றியிருக்கிறாள். நான் காலியான போத்தலைப் பார்த்து, நல்ல பிள்ளை என்று மெச்சியிருக்கிறேன். அன்றைக்கு கிளினிக் வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள். லிஃப்ட் வந்திடும்மா, அழாத என்றாள்.

புதுக் கட்டடம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதைவிட வேகமாக வீடுகள் ஏறின. கம்பெனியின் விற்பனை அலுவலகத்துக்கு வெளியே பெரிய பலகை வைத்து, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள். அரசாங்கப் பணத்தில் கட்டும் பள்ளிக்கூடத்தைக் காட்டி இவர்கள் வீடு விற்கிறார்கள். வீடு வாங்க வந்தவர்கள் பள்ளியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு முன்பணம் கட்டினார்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் மோட்டார் பட்டறைப் புகைக்கு மேலே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் மார்கழி முடியும் சமயம் மேனேஜர் தலைவரைத் தேடி வந்தார். வந்து சொன்ன யோசனை இருக்கிறதே, அதில்தான் நாங்கள் எல்லாரும் கவிழ்ந்தோம்.

“கட்டடம் முடிஞ்சிருச்சு. கவர்மெண்ட் தகுதிச் சான்றிதழ் மட்டும் வரணும், அது ஒரு ஃபார்மாலிட்டி. தை மாசம் பொறந்திடும், நல்ல நாள் நெறையா இருக்கும். ஒங்க வழக்கப்படி நாள் பாத்து, பூசை போட்டு, பால் காச்சி, சாவிய வாங்கிக்குங்களேன். சான்றிதழ் வந்ததும் குடிபோயிடலாம்.”

எங்கள் தலைவர் நெகிழ்ந்து போய்விட்டார். கம்பெனிக்காரன் நம் வழக்கத்தை மதித்து, நல்ல நாள் பார் என்கிறானே! கோயிலுக்கு ஓடி, ஐயரிடம் கேட்டு, தையில் ஒரு முகூர்த்தத்தைக் குறித்துக்கொண்டு வந்தார். தை போனால் மாசியில் தோதான நாள் இல்லை, பங்குனி வரைக்கும் இழுத்துவிடும் என்று எல்லாரும் பறந்தார்கள். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குழாயைத் திறந்து, விளக்கைப் போட்டு, கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சொந்த வீட்டுக்கும் நாம் அப்படித்தானே. நாள் அமைந்துவிட்டால் பாலைக் காய்ச்சிவிட்டு, குழாயை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

அன்றைக்கு விடிந்ததும் எல்லாரும் பட்டு கட்டிக்கொண்டு போனோம். வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், கோலம். நாதஸ்வரக்காரர்கூட வந்திருந்தார். சட்டமன்ற உறுப்பினர் (எங்கள் பேச்சில் ஒய்.பி.), மேனேஜர், கம்பெனி முதலாளி எல்லாருக்கும் நாற்காலி. நடுவில் மேடை. மேடைக்குப் பின்னால் சுவரை மறைத்து, இவர்கள் முகங்களைப் பெரிது பெரிதாய் அச்சடித்த துணி. என் பெண் பச்சைப் பாவாடையில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போய் நின்றாள். தலைமையாசிரியை தாம்பாளத்தில் பூவுக்கு நடுவே வைத்த சாவியை வாங்கினார். குங்குமம் இட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். பொன்னாடைகள் பறந்தன.

“ம்மா, லிஃப்ட் எங்க?” என்றாள் அவள்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். படிக்கட்டு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் அந்தத் துணிதான் தொங்கியது. நான் போய், துணியில் அச்சடித்திருந்த முதலாளியின் காதுப் பக்கமாக ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் சுவரில் ஒரு ஓட்டை. அதை ஒட்டுப்பலகையால் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். பலகைக்கு மேல் எங்கள் ஆட்களே மாவிலை கட்டியிருந்தார்கள்.

நேரே மேனேஜரிடம் போனேன். “லிஃப்ட் எங்க அண்ணே?”

“வருதுக்கா. ஆர்டர் போட்டாச்சு.” சிரித்த முகம் மாறவில்லை. “இன்னைக்கு நல்ல நாள். இன்னைக்கு வேணாமே.”

அதற்குள் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சுட்டியா என்றாள் ஒருத்தி. ஒனக்கு எதுலயும் ஒரு நொட்டை என்றாள் மற்றவள். தலைவர் தூரத்திலிருந்தே கைகூப்பிக் கெஞ்சினார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் கையில் யாரோ கேசரிக் கிண்ணத்தைத் திணித்தார்கள்.

அதன் பிறகு கட்டடத்தைப் பூட்டினார்கள். பூட்டியது பூட்டியதுதான். ஒரு ஃபார்மாலிட்டி என்ற சான்றிதழ் வரவே இல்லை. தீயணைப்புத் துறை, அதாவது பொம்பா, வந்து பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாயில் அழுத்தம் இல்லை என்று திருப்பி அனுப்பியது. அதைச் சரிசெய்தால் வேறொன்று. கால்வாய், வேலி, மின்சாரம் என்று ஒவ்வொன்றாக முளைத்தது. சாவி தலைமையாசிரியையின் அலமாரியில் குங்குமத்தோடு கிடந்தது. பிள்ளைகள் கடைவீட்டு மாடியில் கிடந்தார்கள்.

மழை பெய்தால் பூட்டிய கட்டடத்தின் சுவரில் ஈரம் இறங்குவது சாலையிலிருந்தே தெரியும். யாரோ உள்ளே புகுந்து மின்கம்பிகளை உருவிக்கொண்டு போனார்கள். நாங்கள் தினமும் அந்த வழியாகத்தான் போவோம். என் பெண் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பாள். லிஃப்ட் போட்டிருப்பாங்களாம்மா என்பாள். போடுவாங்க என்பேன். ஐந்தாம் ஆண்டு முழுவதும் இதே பேச்சு. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அவள் ஆறாம் ஆண்டுக்குப் போய்ச் சில மாதம் கழித்து ஒருவழியாகச் சான்றிதழ் வந்தது. பெற்றோர்கள் எல்லாரும் துடைப்பமும் வாளியுமாகப் போனோம். நான் முதலில் பார்த்தது படிக்கட்டுப் பக்கத்தைத்தான். ஒட்டுப்பலகை இல்லை, ஓட்டையும் இல்லை. செங்கல் வைத்து அடைத்து, பூசி, மஞ்சள் அடித்து, அதன்மேல் ஓவியரை வைத்துப் படம் வரைந்திருந்தார்கள். கம்பெனியின் அன்பளிப்பாம். ஒரு மரம். அதைச் சுற்றிக் கை கோத்து ஓடும் பிள்ளைகள். எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு நல்ல கால்கள். எனக்குக் கையில் இருந்த வாளித் தண்ணீரை அந்தச் சுவரில் வீசி அடிக்க வேண்டும் போல இருந்தது. வீசினேன். பெயிண்ட் நல்ல பெயிண்ட், ஒன்றும் ஆகவில்லை.

விற்பனை அலுவலகத்துக்குப் போய் மேனேஜரைப் பிடித்தேன். அவர் எனக்குக் குளிர்ந்த மைலோ கொடுக்கச் சொன்னார்.

“அது ரிவைஸ் பண்ண பிளான்ல எடுத்துட்டாங்கக்கா. மானியத்துக்குள்ள அடங்கல.”

“யாரு எடுத்தது?”

“மேல. எனக்கும் சொல்லல.”

“அப்ப ஆர்டர் போட்டாச்சுன்னு சொன்னீங்களே, காதுல பூ சுத்துறதுக்கா?”

அவர் கைகளை விரித்தார். “இப்ப ஒன்னும் பண்ண முடியாதுக்கா. சாவி வாங்குன அன்னைக்கே கட்டடத்த ஒப்படைச்சாச்சு. அதுலேர்ந்து ஒரு வருசத்துக்குள்ள கொறை சொன்னா நாங்க செஞ்சு கொடுக்கணும். அந்த வருசம் முடிஞ்சு போச்சே.”

“வருசம் பூரா பூட்டிக் கெடந்த கட்டடத்துல யாரு அண்ணே உள்ள போய்க் கொறை பாக்கிறது? அன்னைக்கே நான் லிஃப்ட் எங்கன்னு கேட்டேனே!”

“கேட்டீங்க. நான் இல்லேன்னு சொல்லலியே. ஆனா ஒங்க தலைவரு கேக்கலியே. அவரு பொன்னாடைல்ல போத்துனாரு.”

மைலோவைத் தொடாமல் எழுந்து வந்தேன். அந்த மனிதனின் மேல் வந்த கோபத்தைவிட எங்கள்மேல் வந்த கோபம் பெரிது. அவன் எங்கள் பஞ்சாங்கத்தை எங்களைவிட நன்றாகப் படித்திருக்கிறான்.

மறுநாள் அலுவலகத்தில் என் முதலாளியம்மாவிடம், அதாவது நான் வேலை பார்க்கும் வழக்கறிஞரிடம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எதையும் செக் பண்ணாம யாரு உங்கள கீ வாங்கச் சொன்னது?”

“நல்ல நாள் மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: “வழக்கு போடலாம். பள்ளி வாரியம் போடணும், நீ போட முடியாது. ஜெயிக்கக்கூட வாய்ப்பிருக்கு. ஆனா ஜெயிக்கிறதுக்குள்ள உன் பொண்ணு யூனிவர்சிட்டிக்குப் போயிடும்லா.”

பள்ளியை நிர்வகிக்கும் வாரியத்திடம் போனேன். கம்பெனியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள், அடுத்து மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். கல்வி இலாகாவுக்குப் போனேன். கட்டியது கம்பெனி, அங்கே கேளுங்கள் என்றார்கள். கம்பெனி, மானியம் கொடுத்தது அரசாங்கம், அங்கே கேளுங்கள் என்றது. பணம் பொதுப்பணம், கட்டியது தனியார், சாவி நம் கையில். லிஃப்ட் மட்டும் யாருடையதும் இல்லை. ஒய்.பி. அலுவலகத்தில் என் பெண்ணுக்குப் புது வாக்கர் தருவதாகச் சொன்னார்கள், படம் பிடித்துப் பத்திரிகையில் போடுவார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றி கெட்டவள் என்று அதற்கும் பேர் வந்தது.

இனி அவளை எங்கே உட்கார வைப்பது? அந்தப் பகுதியில் வெள்ளம் வரும் என்று கீழ்த்தளத்தில் பாதியைத் தூண்களோடு திறந்து விட்டிருந்தார்கள். மீதி அலுவலகம், கேண்டீன், பாலர் வகுப்பு. வகுப்பறைகள் எல்லாம் மேலே, ஆறாம் ஆண்டு உச்சி மாடியில். தலைமையாசிரியை என்னென்னவோ முயன்றார், பாவம். கடைசியில் பாலர் வகுப்பின் மூலையில் அவளுக்கு ஒரு மேசை போட்டார். இவளை மாடிக்கு யாராவது தூக்கட்டுமே என்று தலைவர் சொன்னபோது அவளே, “வேணாம் அங்கிள். நான் கீழ இருக்கேன்,” என்றாள்.

இப்படியாக என் பெண் ஆறாம் ஆண்டைப் பாலர் பிள்ளைகளோடு படித்தாள். சுற்றிலும் குட்டி நாற்காலிகள், பிள்ளைகள் ஆனா ஆவன்னா பாடிக்கொண்டிருக்கும். ஆசிரியைகள் நேரம் கிடைக்கும்போது இறங்கி வந்து சொல்லிக்கொடுப்பார்கள். நேரம் கிடைக்காதபோது தோழியிடம் பயிற்சித்தாளைக் கொடுத்தனுப்புவார்கள். தோழி முதலில் ஒவ்வோர் ஓய்வு நேரமும் ஓடி வந்தாள். பிறகு சில நாள் வந்தாள். குற்றம் சொல்ல மாட்டேன், அதுவும் பிள்ளைதானே, அதற்கு மேலே புதுச் சிநேகிதிகள் கிடைத்திருப்பார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பாலர் வகுப்புக் கழிப்பறைக்கு அகலமான கதவு. என் பெண் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள்.

ஆண்டு முடியும்போது பெற்றோர் தினம் வந்தது. நான் அலுவலகத்தில் விடுமுறை சொல்லிவிட்டுப் போனேன். அவளைக் கீழே விட்டுவிட்டு உச்சி மாடிக்கு ஏறினேன். அந்த வகுப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல வகுப்பு. காற்று வந்தது. ஜன்னல் வழியாகப் புது வீடுகளின் கூரைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

வகுப்பாசிரியை இளம்பெண், அந்தப் பள்ளிக்குப் புதிது. எங்கள் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. அதை மறக்காமல் சிரித்த முகத்தோடு சொன்னார்: “வாங்கம்மா, வாங்கய்யா. அவங்கவங்க பிள்ளையோட எடத்துல ஒக்காருங்க.”

எல்லாரும் போய் உட்கார்ந்தார்கள். தோழியின் அம்மா ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். அவர் பக்கத்து இடத்தில் வேறொரு அப்பா. நான் தேடவில்லை, தேட என்ன இருக்கிறது? பின் சுவரோடு சாய்ந்து நின்றேன். ஆசிரியை ஒரு நிமிடம் கழித்துத்தான் கவனித்தார். முகம் செத்துவிட்டது. ஓடிப்போய்த் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“நீங்க ஒக்காருங்க டீச்சர். நின்னு எனக்குப் பழக்கந்தான்,” என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை ஏதாவது செய்து தேற்ற வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. எல்லாரையும் பார்த்துத் திரும்பி, “மாவட்டக் கட்டுரைப் போட்டியில நம்ம பள்ளிக்கு மொதல் பரிசு வாங்கிக் கொடுத்தது இவங்க பொண்ணுதான்,” என்றார். வகுப்பு முழுவதும் கைதட்டியது. நன்றாகத் தட்டினார்கள், நீளமாகத் தட்டினார்கள். சங்கத் தலைவர் எழுந்து நின்றே தட்டினார்.

கூட்டம் முடிந்து இறங்கி வந்தேன். அவள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஓடும் பிள்ளைகள் வரைந்த அந்தச் சுவருக்குக் கீழே, படிக்கட்டின் அடியில் எனக்காகக் காத்திருந்தாள்.

“மேல ரொம்ப நேரம் கைதட்டினாங்களே, யாருக்கும்மா?” என்றாள்.